ஏழு விநாடி இருட்டு

ஆறு வாரமாக மேடை விளக்குகளை இயக்கும் இந்தச் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வேனில் வைத்துக்கொண்டு அலைகிறேன். உள்ளே ஈஎஸ்பி32 சில்லு, வெளியே ஐந்து முள் சாக்கெட், 512 சேனல், கைப்பேசியில் வைஃபை வழி இயக்கம். விலைக்கு ஏற்ற சரக்குதான். நிறக்கலவை அழகாக வருகிறது.

அலோர் காஜா பக்கத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா. மேடையில் பள்ளிப் பிள்ளைகளின் பரதம், நீல ஒளி. ஜெனரேட்டர் ஒரு நொடி திணறியது. விளக்குகளுக்குக் கரண்ட் போய் உடனே திரும்பிவிட்டது. பெட்டி மட்டும் வரவில்லை. முதலில் வைஃபையை எழுப்புகிறது, அப்புறம் கைப்பேசியைத் தேடுகிறது, அதற்குப் பிறகுதான் விளக்குகளைக் கவனிக்கிறது. மறுநாள் வீட்டில் வைத்து எண்ணினேன்: ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியில் நான்கு விளக்குகள் இருண்டு கிடந்தன. இடது ஓரத்து இரண்டும் தாமாகவே சிவப்பு, பச்சை என்று மாறத் தொடங்கின. அலாரிப்பின் நடுவே ஒரு பிள்ளை கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டாள்.

பெட்டி விளக்குகளோடு பேசும் மொழி, 1986இல் வந்த டிஎம்எக்ஸ். அது ஒருவழிப் பேச்சு. விளக்கு பதில் சொல்லாது. 512 சேனலையும் அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 44 முறை அதே செய்தி திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் இருளுவதா, ஆடுவதா, கடைசி நிறத்திலேயே நிற்பதா என்பது விளக்கைச் செய்தவர் வைத்த ஏற்பாடு.

என் பழைய ஃபேடர் பெட்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கரண்ட் வந்ததும் ஃபேடர்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்து அனுப்பிவிடும். தள்ளி வைத்த இடமே அதன் ஞாபகம். கைப்பேசியில் இயங்கும் இந்தப் பெட்டிக்கு அந்த ஞாபகத்தை வடிவமைப்பவர்தான் கொடுக்க வேண்டும். கடைசி நிலையை, கரண்ட் போனாலும் மறக்காத எஃப்ரேம் நினைவகச் சில்லில் எழுதலாம். ஃபிளாஷ் நினைவகம் இதற்கு ஆகாது, சுமார் ஒரு லட்சம் முறை எழுதினாலே தேய்ந்துபோகும். பெட்டி எழுந்ததும் அந்தக் கடைசி நிலையைப் படித்து டிஎம்எக்ஸ் அனுப்பட்டும், வைஃபை பிறகு வரட்டும். இதில் எஃப்ரேம் ஒன்றுக்குத்தான் காசு. மற்றது நிரலில் வரிசையை மாற்றும் வேலை.

விற்றவருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்கு, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கில் பெட்டியை ஓட்டுகிறேன். ஜெனரேட்டர் திணறினாலும் அது விழுவதில்லை. ஆனாலும் சனிக்கிழமை மஸ்ஜித் தானா கல்யாணத்துக்கு ஃபேடர் பெட்டியும் வேனில் ஏறுகிறது.