வாடகைக்கு ஒரு முகப்பு

சுழற்சிப் பொருளாதாரத்தைக் கட்டடத் துறைக்குப் பரிந்துரைப்போர் அண்மைக் காலமாக ஒரே வாதத்தைத் திரும்பத் திரும்ப முன்வைக்கின்றனர். விளக்கையும் மின்தூக்கியையும் கண்ணாடி முகப்பையும் விற்காமல், அவற்றின் பயனுக்கு மட்டும் கட்டணம் வாங்கினால், பொருள் தயாரிப்பாளரின் உடைமையாகவே நீடிக்கும் என்றும், என்றேனும் தம்மிடமே திரும்பப்போகும் பொருளை அவர் நீடித்து உழைக்குமாறு செய்வார் என்றும் அவ்வாதம் செல்கிறது. 'பொருளைச் சேவையாக வழங்குதல்' எனப்படும் இம்முறையின் முதன்மைப் பரப்புரையாளர் நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் தாமஸ் ராவ். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையம் பிலிப்ஸ், கோஃபெலி நிறுவனங்களோடு 2015இல் செய்துகொண்ட ஒளி ஒப்பந்தம் அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று.

இம்முறையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஸ்கிப்போலில் எல்இடி விளக்குகளால் மின்பயன்பாடு பாதியாகக் குறையும் என்றும், வடிவம் திருத்தப்பட்ட விளக்குக் கூடுகளின் ஆயுள் 75 சதவீதம் கூடும் என்றும் அறிவிக்கப்பட்டது. கட்டுமானத்தில் வாடகை புதியதும் அன்று. தளம் போடுவதற்குச் சென்ட்ரிங் ஷீட்டும் ஜாக்கியும் வாடகைக்குத் தரும் நம் ஊர்க் கடைக்காரர், திரும்பி வரும் ஷீட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, வளைந்ததற்கு முன்பணத்தில் கழித்துக்கொள்கிறார். எந்த மாநாட்டிலும் பேசப்படாத சுழற்சிப் பொருளாதாரம் அது. ஆனால் ஷீட் சில வாரங்களில் கழன்று வந்துவிடுவது, கட்டடத்தோடு ஒட்டாதது; அது கடைக்காரருடையதாகவே இருப்பதன் காரணமும் அதுவே.

முகப்பின் நிலை வேறு. நிலத்தோடு நிலையாக இணைந்தது நிலத்துக்கு உரியவரையே சேரும் என்னும் ரோமச் சட்ட மரபு நெதர்லாந்துக் குடிமைச் சட்டத்தில் இன்றும் நிற்பதால், வாடகைப் பத்திரம் எதைச் சொன்னாலும், பொருத்திய அன்றே முகப்பு கட்டட உரிமையாளருடையதாகிவிடும் இடர் உண்டு. அவர் திவாலானால் அடமானம் பெற்ற வங்கி முகப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். பிறர் நிலத்தில் நிற்கும் கட்டுமானத்துக்குத் தனி உடைமை தரும் மேற்பரப்புரிமையைப் பதிவுசெய்து இதிலிருந்து தப்பலாம் என்பர். அவ்வாறு தப்பினாலும் காலம் குறுக்கே நிற்கிறது. ஸ்கிப்போல் ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டே பிலிப்ஸ் தன் விளக்குத் தொழிலைத் தனி நிறுவனமாகப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2018இல் அதன் பெயரும் சிக்னிஃபை என மாறியது. பெயர் மாறியதால் ஒப்பந்தம் செல்லாமற் போய்விடாது என்பது உண்மையே. ஆயினும் மூன்றாண்டுக்குள் நிறுவனமே உருமாறும் தொழிலில், நாற்பதாண்டுக்குப் பின் கழற்றி எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் உறுதிமொழிக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

அம்மதிப்பைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்று கொண்டால், நாற்பது ஆண்டுக்குப் பின் கிடைக்கவிருக்கும் 100 யூரோவின் இன்றைய மதிப்பு 10 யூரோவுக்கும் குறைவு. கழற்றும் கூலியையும் கழித்தால் அதுவும் மிஞ்சாது. உடைமை தம்மிடம் இருப்பதாலேயே தயாரிப்பாளர் நீடித்த பொருளைச் செய்வார் என்ற வாதம் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்து பார்க்காதவர்களின் வாதம். அவரை உண்மையில் கட்டுப்படுத்துவது இன்றைய மாதக் கட்டணமும் பழுதுபார்ப்புச் செலவும்தான். அவ்விரண்டுக்கும் நல்ல பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றே போதும்.

பழம்பொருள் புழக்கத்துக்குத் தயாரிப்பாளரின் உடைமை தேவையே இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டின் பழைய வீடுகளே சான்று. அவற்றை இடிக்க எடுக்கும் ஒப்பந்தக்காரர், யாருக்கும் எந்த உறுதிமொழியும் தராமலேயே, தேக்கு நிலையையும் கதவையும் கீறல் படாமல் பெயர்த்தெடுக்கிறார். சில வேளைகளில் வீட்டுக்காரருக்குப் பணமும் கொடுக்கிறார். தேக்கின் விலை பெயர்க்கும் கூலியை மிஞ்சுகிறது, அவ்வளவே. நெதர்லாந்தின் கூலியில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. ராவின் அலுவலகம் வடிவமைத்து 2019இல் நிறைவேறிய டிரியோடோஸ் வங்கித் தலைமையகம், மீண்டும் பிரித்தெடுக்க ஏதுவாக, 1,65,312 திருகாணிகளால் இணைக்கப்பட்டது. அதன் பொருள்கள் மடாஸ்டர் என்னும் கட்டடப் பொருள் பதிவேட்டில் ஏறியுள்ளன. கட்டடத்தில் என்னென்ன உள்ளன என்பதை அப்பதிவேடு சொல்லும். திருகாணியைக் கழற்றுபவருக்குக் கூலி யார் தருவது என்பதற்கு அதில் கட்டம் இல்லை.