கம்பி வலையும் வானமும்

வானொலி அலைகளைக் கொண்டு வானை ஆராய்வது செல்வ நாடுகளின் பொழுதுபோக்கு. வறிய நாட்டில் அதற்கு இடமில்லை. முற்போக்கு நோக்குடையோர் சிலரும் இவ்வாறு பேசுவது நமக்கு வருத்தம் தருகிறது.

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயக் கூரைகளைப் பாருங்கள். தகரத்தின் மேல் டிஷ் அன்ரனா நிற்கிறது. மார்ச்சிலும் செப்டெம்பரிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடம், படம் குலைகிறது. பழுதென்றெண்ணிக் கூரை ஏறுவோரும் உண்டு. பழுதன்று, செயற்கைக் கோளுக்கு நேர் பின்னே வந்த சூரியனின் வானொலி இரைச்சல் கோளின் மெல்லிய குரலை அமிழ்த்திவிடுகிறது. வானொலி வானியலின் முதற்பாடமே இது. ஆசிரியராகிய நம்மில் எத்தனை பேர் அதனை வகுப்பறைக்குள் கொண்டுவந்தோம்?

பெருந்தட்டின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காற்று. புயலைத் தாங்க உருக்கு வேண்டும். உருக்கின் பாரத்தைச் சுமக்க மேலும் உருக்கு வேண்டும். கோவிந்த் சுவரூப்பும் அவர்தம் தோழர்களும் இவ்விடத்திலேதான் சிந்தித்தனர். 1970இல் ஊட்டியில் எழுந்த தொலைநோக்கி 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உடையது. அதன் பரப்பு 1,100 மெல்லிய கம்பிகளே. அதனை நிறுத்திய சரிவின் சாய்வு அவ்விடத்து அகலக்கோட்டுக்குச் சமமான 11 பாகை. ஆகவே ஓர் அச்சிற் சுழன்றே அது விண்மீனைத் தொடர்கிறது. மலையையே இயந்திரத்தின் உறுப்பாக்கினர் என்க!

பின்னர் புனேக்கு வடக்கே, கோடத் கிராமத்தருகே, 45 மீற்றர் விட்டமுள்ள 30 தட்டுகள் எழுந்தன. இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறுகளின்மேல் 0.55 மில்லிமீற்றர் கம்பியாலான வலை. கண்ணின் அகலம் 10 முதல் 20 மில்லிமீற்றர். 21 சென்ரிமீற்றரும் அதற்கு மேற்பட்டதுமான அலைகளுக்கு அது சுவர், காற்றுக்கோ சல்லடை.

இதனை வெறுஞ் சிக்கனம் என்று புகழ்வோருடன் நாம் உடன்படோம். தேசப் பெருமை என்று முழங்குவோருடனும் உடன்படோம். லயத்து அன்ரனா வாங்கும் ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் அலை அவ்வலையின் கண்களிற் பெரும்பாலும் ஒழுகிப்போம். குற்றலைகளை விட்டு நெட்டலைகளைத் தேர்ந்ததனாலேயே வலை போதுமானதாயிற்று. கருவியை மலிவாக்குமுன் கேள்வியைத் தேர்ந்தனர். திறமை அங்கேதான் இருக்கிறது. மேல்நாட்டுக் கருவியின் சிறு நகலைச் செய்திருந்தால் சிறு நகலே மிஞ்சியிருக்கும்.

கண்டிக்கு வேண்டிய சாய்வு 7 பாகையும் சிறிதும். வடக்கு நோக்கி உயர்ந்து செல்லும் சரிவாயிருத்தல் வேண்டும். தேயிலைச் சரிவுகள் மிகப் பல இதனினும் செங்குத்தானவை. ஆயினும் ஒரு பாகைமானி, ஒரு தூக்குநூல், ஒரு திசைகாட்டி இவற்றுடன் பேராதனைப் பக்கத்து மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளக்கத் தொடங்கலாம்.