மகனைத் திருப்பிக் கேட்கும் தாய்

போரையும் பெண்ணையும் பற்றிய ஆய்வுகளில் தாய் என்ற சொல் வந்தாலே நம் விமர்சகர்களுக்கு ஓர் அவசரம் வந்துவிடுகிறது. தாய்மை ஆணாதிக்கக் கட்டுமானம், தாயாக நின்று பேசுகிறவள் அதற்குள்ளேயே சிக்கியிருக்கிறாள் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். இலங்கையில் நடந்ததை வைத்துப் பார்த்தால் விஷயம் இத்தனை சுலபமில்லை.

தாயும் போரும் என்றால் தமிழ் படித்த நமக்குப் புறநானூறுதான். ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய் ஒரே மகனையும் களத்துக்கு அனுப்புகிறாள். தமிழக அரசியல் இந்தத் தாய்ப் பிம்பத்தை என்ன பாடுபடுத்தியது என்று சி.எஸ். லக்ஷ்மி (நம்முடைய அம்பைதான்) 1990இல் எழுதினார். ஈழத் தமிழ்த் தேசியச் சொல்லாடல் 'பெண்'ணைக் கட்டமைத்த விதம் பற்றி சித்திரலேகா மௌனகுருவின் கட்டுரை 1995இல் வந்தது. இரண்டையும் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது. ஆனால் 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணியாகத் தெருவுக்கு வந்தவர்கள் மகனை அனுப்பியவர்கள் அல்லர்; இராணுவம் பிடித்துக்கொண்டுபோன மகனைத் திருப்பிக் கேட்டவர்கள். பெயர் ஒன்றுதான், வினை நேரெதிர். இதைத்தான் நம் வாசிப்புகள் கோட்டை விடுகின்றன.

கேட்கிற தாயைக் கொடுக்கிற தாயாக மாற்றுவது எந்த இயக்கத்துக்கும் பெரிய வேலையில்லை. யாழ்ப்பாண முன்னணி இயக்கத்தின் பிடிக்குள் சுருங்கிப்போனதை 'முறிந்த பனை'யில் ராஜனி திராணகம எழுதியிருக்கிறார். நூல் வெளிவந்தது 1990இல்; அவரை 1989 செப்டம்பர் 21இலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மட்டக்களப்பில் பூபதி 1988 மார்ச் 19 முதல் ஏப்ரல் 19 வரை உண்ணாவிரதமிருந்து இறந்தார். இந்திய அமைதிப்படை போரை நிறுத்த வேண்டும், புலிகளோடு பேச வேண்டும் என்பவை அவர் கோரிக்கைகள். போரை நிறுத்தச் சொன்னவர், 'அன்னை' ஆகித் தியாகிகள் வரிசையில் சேர்க்கப்பட்டார்.

தெற்கில் 1990இல் சிங்களத் தாய்மார் திரண்டார்கள். ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கியபோது காணாமல்போன பிள்ளைகளுக்காக. 1992 ஜூன் 23, ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாள். கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்துச் சாபமிட்டார்கள். சிங்களத் தாய் சாபமிடத் தமிழ்க் காளியிடம்தான் வந்தாள்! தாய்மையைப் போற்றுகிற அரசால் அழுகிற தாயைச் சட்டென்று அடிக்க முடியாது. அந்த இடைவெளியில் இவர்கள் நுழைந்தார்கள் என்பது மாலதி டி அல்விஸின் வாதம். வேறு யாரும் வாய் திறக்க முடியாத காலம் அது. அதற்கு விலையும் உண்டு. மனைவியும் சகோதரியும்கூடத் 'தாய்' என்ற பேரில்தான் வரவேண்டியிருந்தது. பிள்ளையை ஒழுங்காய் வளர்த்தாயா என்று ஆட்சித் தரப்பு திருப்பிக் கேட்டதும் அதே தாய்மையை வைத்துத்தான்.

அந்த முன்னணிக்குப் பின்னால் சுதந்திரக் கட்சி இருந்தது. 1994இல் கட்சி ஆட்சிக்கு வந்ததும் முன்னணி மங்கிவிட்டது. அதைத் திரட்டியவர்களில் ஒருவர் மகிந்த ராஜபக்ச. காணாமல்போனோர் பற்றிய ஆவணங்களோடு 1990இல் ஜெனீவாவுக்குக் கிளம்பி, விமான நிலையத்தில் மறிக்கப்பட்டவர். 2009இல் அவரே ஜனாதிபதி. இந்த முறை கேட்டவர்கள் தமிழ்த் தாய்மார்.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலருகே அவர்கள் உட்கார்ந்தபோது கேட்டவற்றில் ஒன்று, போர் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியல். பதில் வராமலே பலர் இறந்துபோனார்கள்.