மானம் என்னும் ஆயுதம்: ‘அல்றவாபி பெண்கள் பள்ளி’ பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு கலைவடிவம் புதிதாகத் தோன்றும்போது அதன் தொழில்நுட்பப் புதுமையே முதலிற் பேசப்படுவது வழக்கம். அது எந்தச் சமூகச் சூழலில், எவருடைய முதலீட்டில், யாரை நோக்கிப் பிறந்தது என்ற வினாக்கள் பின்னரே எழுகின்றன. இணையவழித் தொடர்நாடகத்தைப் பொறுத்தவரையிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. அரபு நாடுகளில் 2010 ஆம் ஆண்டினை அடுத்து வளர்ந்த இவ்வடிவம் இளைஞரின் அன்றாட வாழ்க்கையைத் தனது முக்கிய பொருளாகக் கொண்டது. தொலைக்காட்சி தொடத் தயங்கிய காதல், குடும்ப அடக்குமுறை, தலைமுறை முரண்பாடு ஆகியவற்றை அது துணிந்து கையாண்டது. அவ்வகையில் யோர்தானிலிருந்து வெளிவந்த ‘அல்றவாபி பெண்கள் பள்ளி’ என்னும் தொடரை இங்கு ஆராய முற்படுகின்றோம். பழமைபேணும் சமூகமொன்றின் இளம்பெண்களை அது எவ்வாறு காட்டுகின்றது, அக்காட்சியின் வலிமை யாது, எல்லை யாது என்பனவே நமது வினாக்கள்.

இத்தொடரின் பின்னணியை விளங்கிக்கொள்ள முன்னைய இரு முயற்சிகளை நோக்குதல் வேண்டும். சவூதி அரேபியாவில் பல பத்தாண்டுகளாகப் பொதுத் திரையரங்குகள் இயங்கவில்லை. 2018 ஏப்பிரலிலேயே றியாத்தில் அவை மீளத் தொடங்கின. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 2012 இல், மொஹமட் மக்கி நெறிப்படுத்திய ‘தக்கி’ என்ற தொடர் யூரியூப் வழியாக வெளிவந்தது. ஜித்தா நகர இளைஞரைப் பற்றிய அத்தொடரின் கதைத்தலைவன் மாலிக் திரைப்படம் எடுக்க விரும்புபவன். திரையரங்கு இல்லாத நாட்டில் திரைப்படக் கனவு காணும் ஒருவனைக் கதைத்தலைவனாக்கியமையே ஒரு சமூக விமர்சனம் எனலாம். நாட்டில் நிறுவன வடிவில் இல்லாத ஓர் அரங்கை இளைஞர் இணையத்தில் தாமே அமைத்துக்கொண்டனர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது, 2019 யூனில் நெற்பிளிக்ஸ் நிறுவனம் தனது முதலாவது அரபுமொழித் தொடராக வெளியிட்ட ‘ஜின்’. அம்மான் நகரத்துப் பள்ளி மாணவர், பெட்ரா என்னும் தொன்னகருக்குச் சுற்றுலா சென்ற இடத்தில் ஆவிகளை எதிர்கொள்ளும் கதை அது. அதில் இடம்பெற்ற முத்தக் காட்சியும் வசைச்சொற்களும் யோர்தானிற் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயின. நாட்டின் தலைமை முப்தி தொடரைக் கண்டித்தார். அதனைத் தடுக்க உடனடி நடவடிக்கை எடுக்குமாறு இணையக் குற்றப் பிரிவினரிடம் அரச வழக்குத்தொடுநர் கோரினார். நடித்த இளைஞர் மீது, சிறப்பாக இளம் நடிகையின் மீது, சமூக ஊடகங்களில் வசை பொழியப்பட்டது. முத்தத்தில் இருவர் பங்குகொண்டிருக்கப் பழியின் பெரும்பங்கு பெண்ணின் மீதே விழுந்தது. இந்த ஏற்றத்தாழ்வே அடுத்து வந்த ‘அல்றவாபி’யின் மையப்பொருளாயிற்று.

2021 ஓகஸ்ற் 12 ஆம் திகதி ஆறு அங்கங்களாக வெளிவந்த இத்தொடரை நெறிப்படுத்தியவர் தீமா சோமலி. சிரீன் கமாலுடன் இணைந்து அவர் இதனை உருவாக்கினார். யூரியூப் நகைச்சுவைத் தொடர் வழியாக முன்னரே யோர்தானில் அறியப்பட்டவர் அவர். பெண்களே எழுதிப் பெண்ணே நெறிப்படுத்தி, பெண்களே முதன்மை மாந்தராக அமைந்த ஆக்கம் இது. கதை, அம்மானில் உள்ள வசதி படைத்தோர் பெண்கள் பள்ளியொன்றில் நிகழ்கின்றது. மாணவியர் தலைவி போல் விளங்கும் லயானும் அவளது தோழியரும் மர்யம் என்பவளைத் தாக்குகின்றனர். பின்னர் மர்யமே தன்னைத் தகாத முறையில் தொட்டாள் என்று லயான் பொய்க்குற்றம் சாட்டுகின்றாள். லயானின் தந்தை செல்வாக்குள்ளவர். பள்ளியின் நற்பெயரைக் காக்க விரும்பும் அதிபர் உண்மையைத் தேடவில்லை. நீதி மறுக்கப்பட்ட மர்யம், டீனா, நோவ் ஆகிய இருவருடன் சேர்ந்து பழிவாங்கத் திட்டமிடுகின்றாள்.

இதுவரை கதை உலகெங்கும் காணப்படும் பள்ளிக்கூடக் கதைகளினின்று பெரிதும் வேறுபட்டதன்று. வேறுபாடு, பழிவாங்கும் முறையிலேயே தொடங்குகின்றது. லயானின் தோழியான ருகையா ஹிஜாப் அணிபவள். பொய்யான ஆண்பெயரில் அவளுடன் இணையத்திற் பழகி, ஹிஜாப் இன்றி எடுத்த அவளது நிழற்படம் பெறப்பட்டுப் பரப்பப்படுகின்றது. அடித்தல், திருடுதல் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நிழற்படம் போதுமானதாக இருந்தது. எஞ்சியதை அவளது குடும்பமும் சுற்றமுமே செய்துமுடிக்கின்றன. இறுதியில், லயான் தன் காதலனை மறைவாகச் சந்திக்கும் செய்தியை மர்யம் அவளது தமையன் ஹாசிமுக்கு எட்டச் செய்கின்றாள். டீனாவும் நோவும் தயங்குகின்றனர், மர்யம் தயங்கவில்லை. ஹாசிம் துப்பாக்கியுடன் வருகின்றான். சுடப்படுவதை நாம் காண்பதில்லை. வெடிச்சத்தம் மட்டுமே கேட்கின்றது. தொடர் அத்துடன் முடிகின்றது.

இம்முடிவின் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஆணாதிக்கம் பற்றிய படைப்புகள் பெரும்பாலும் ஒடுக்கும் ஆணையும் ஒடுக்கப்படும் பெண்ணையும் எதிரெதிரே நிறுத்துவன. இத்தொடரில் ஆண்கள் திரையில் அதிகம் தோன்றுவதில்லை. ஆயினும் பெண்களின் ஒவ்வொரு செயலும் அவர்களை எண்ணியே நிகழ்கின்றது. ஒடுக்குமுறைக்கு உள்ளானவளே அவ்வொடுக்குமுறையின் தூதுவளாக மாறுவதற்கு அவளிடம் கொடுமையுள்ளம் இருந்தமை காரணமன்று. பள்ளியில் முறையிட்டாள், பயன் கிட்டவில்லை. பெற்றோரிடம் சொன்னாள், அங்கும் முழு நம்பிக்கை கிட்டவில்லை. அச்சமூகத்திலே தவறாது உடனே செயற்படும் ஒரே நீதிமன்றம் குடும்ப மானம் என்பதாகவே இருந்தது. மர்யம் அதனிடம் சென்றாள். தனது தோழியைக் கொல்லும் துப்பாக்கி நாளை தன்னையும் குறிவைக்கக்கூடும் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. ஐந்து அங்கங்கள் வரை அவளுடைய பழிவாங்கலை விரும்பி உடன்சென்ற பார்வையாளர், ஆறாவதில் தாமும் அச்செயலுக்கு உடந்தையாகிவிட்டதை உணர்கின்றனர். நீதிபோதனையால் அடைய முடியாத விளைவு இது.

இம்முடிவு மிகைப்படுத்தல் என்று கூறினோர்க்கு யோர்தானிய வாழ்வே விடை தருகின்றது. தந்தையால் ஒரு பெண் கொல்லப்பட்டதைக் கண்டித்து 2020 யூலையில் அம்மானில் பெண்கள் வீதியில் இறங்கிக் குரலெழுப்பினர். பாலியல் வன்முறையாளன் பாதிக்கப்பட்டவளை மணந்து தண்டனையிலிருந்து தப்ப இடமளித்த தண்டனைச் சட்டக்கோவையின் 308 ஆவது பிரிவு 2017 ஓகஸ்றில் நீக்கப்பட்டது. ஆவேசத்தாற் புரிந்த குற்றத்துக்குத் தண்டனை குறைக்கும் 98 ஆவது பிரிவை மானத்தின் பேரால் நிகழும் கொலைகளுக்குப் பயன்படுத்த முடியாதெனவும் அவ்வாண்டில் திருத்தம் செய்யப்பட்டது. இவை பெண்கள் இயக்கங்கள் நீண்டகாலம் போராடிப் பெற்ற வெற்றிகள். ஆயினும், கொல்லப்பட்டவரின் குடும்பம் தனது உரிமையை விட்டுக்கொடுத்தால் தண்டனையைக் குறைக்கலாம் என்ற 99 ஆவது பிரிவின் ஏற்பாடு எஞ்சி நின்றது. கொன்றவனின் குடும்பமும் கொல்லப்பட்டவளின் குடும்பமும் ஒன்றாகவே இருக்குமிடத்து மன்னிப்பு எவ்வளவு எளிதென்பதைச் சொல்லத் தேவையில்லை. ஹாசிமை மன்னிக்க வேண்டியவர் லயானின் தந்தை. அவர் ஹாசிமின் தந்தையுமாவார். தொடர் இச்சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. எனினும் வெடிச்சத்தத்தின் பின்னான மௌனத்தில் அச்சட்டமும் அடங்கியுள்ளது.

இவ்வளவு கூறியபின் தொடரின் குறைபாட்டையும் சுட்டுதல் விமர்சனத்தின் கடமையாகும். அல்றவாபி பள்ளி, செல்வர் தம் பெண்மக்களை அனுப்பும் இடம். அரசாங்கப் பாடசாலை மாணவியோ, நாட்டிலுள்ள பத்துப் பலஸ்தீன அகதி முகாம்களில் வளரும் பெண்ணோ இக்கதையில் இடம்பெறவில்லை. மானம் என்பது வர்க்கவேறுபாடின்றி எல்லாப் பெண்களையும் தாக்குவது உண்மையே; ஆனால் தப்பும் வழி எல்லோருக்கும் ஒன்றன்று. யோர்தானில் பல்கலைக்கழகங்களிற் பெண்களே கூடுதலாகப் பயில்கின்றனர். எனினும் உழைப்புச் சந்தையிற் பங்குகொள்ளும் பெண்கள் நூற்றுக்குப் பதினைந்து அளவினரே. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களுள் அது ஒன்று. கற்றபின் தன் கையில் வருமானமின்றித் தந்தைக்கும் தமையனுக்கும் கணவனுக்கும் கட்டுப்பட்டு வாழும் நிலையே மானக்கோட்பாட்டின் பொருளாதார அடித்தளம். பள்ளிச் சுவருக்குள்ளேயே நின்றுவிட்ட தொடர் இவ்வடித்தளத்தை நோக்கவில்லை. ஆகவே ஒடுக்குமுறை ஒரு மனப்பான்மையாக மட்டும் தென்படும் ஆபத்து உண்டு. 2024 பெப்ரவரியில் வேறு மாணவியரைக் கொண்டு வெளிவந்த இரண்டாம் பருவமும் சமூக ஊடகப் புகழின் மயக்கத்தையே பொருளாக்கியது.

முதலீட்டின் வினாவும் இங்கு எழுகின்றது. ‘தக்கி’ இளைஞர் தாமே தொடங்கிய முயற்சி. பின்னர் அதுவும் நெற்பிளிக்ஸ் நிறுவனத்தை அடைந்தது. உள்ளூர்த் தணிக்கையாளரின் பிடிக்கு அகப்படாத வெளியைப் பன்னாட்டு நிறுவனம் தருகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வெளியும் நிபந்தனையற்றதன்று. சவூதி அரசை விமர்சித்த அமெரிக்க நிகழ்ச்சியொன்றின் ஓர் அங்கத்தை, அவ்வரசின் கோரிக்கைக்கிணங்க அந்நாட்டில் அதே நிறுவனம் நீக்கியமை 2019 சனவரியில் தெரியவந்தது. இஸ்லாமிய விழுமியங்களுக்கு ஒவ்வாதனவற்றை அகற்றுமாறு 2022 செப்தெம்பரில் வளைகுடா நாடுகள் அதனைக் கூட்டாகக் கோரின. தமையனின் துப்பாக்கியைக் காட்டத் துணியும் நிறுவனம், அரசின் அதிகாரத்தைக் காட்டவும் அதே அளவில் துணியுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இக்குறைபாடுகள் தொடரின் பெறுமதியை அழித்துவிடுவனவல்ல. பழமைபேணும் சமூகத்தைப் பிறர் பார்த்து வியக்கும் காட்சிப்பொருளாக்காமல், அதனுள்ளே வாழ்வோரின் கண்கொண்டு, அவர்களது மொழியிலேயே அது பேசியது. பெண்ணின் எதிரி யார் என்ற வினாவுக்கு எளிய விடை தர மறுத்தது. லயானும் மர்யமும் ஒருவரையொருவர் அழிக்கக் கையாண்ட ஆயுதம் அவ்விருவரும் செய்ததன்று. அவர்கள் பிறக்குமுன்பே வீட்டில் ஆயத்தமாக இருந்தது. அதனை யார் செய்தனர், யார் பேணுகின்றனர், யார் அதனாற் பயனடைகின்றனர் என்ற வினாக்களைப் பள்ளிச் சுவருக்கு அப்பாற் கொண்டுசெல்ல வேண்டியது இனிவரும் படைப்பாளிகளின் பணியாகும்.