நகைச்சித்திரமும் மலையக வாழ்வும்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலாவதாக வைத்து எண்ணினார் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள் என்றார். உரைகண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும் பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதலும் என எள்ளலை இரண்டாக்குவர். அன்றாட வாழ்வைத் தீட்டும் கேலிச்சித்திரங்களை மதிப்பிடுதற்கும் இப்பகுப்பே தக்க அளவுகோலாகும். நகுவார் யார், நகப்படுவார் யார் என்பதே அங்கு முதல் வினா. மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடை கசப்பானது.

1870ஐ ஒட்டிய ஆண்டுகளில், இலண்டன் 'பஞ்ச்' இதழை அடியொற்றி, இலங்கையில் ஆங்கில நகைச்சுவை இதழொன்று வெளிவந்தது. அதன் பெயர் 'முனியாண்டி'. பறங்கியர் குலத்து ஓவியர் வான் டோர்ட் (1831–1898) அதற்குச் சித்திரம் வரைந்தார். தோட்டத்து மக்கள் காவற்றெய்வமாக வணங்கிய பெயர், தம் மைந்தர்க்கு இட்டழைத்த பெயர், அவர்கள் படிக்கவியலாத மொழியில் பிறர் நகைத்தற்குரிய தலைப்பாயிற்று. 1881ஐ ஒட்டி ஹாமில்டன், பாசன் என்னும் இருவர் வெளியிட்ட 'சீன்ஸ் இன் சிலோன்', கோப்பித் தோட்டத் துரைமாரின் வாழ்வை நகைச்சுவையோடு காட்டிய நூல். அதில் தன்னைத் தானே நகும் பண்பு உண்டு. ஆயினும் அது துரையின் தன்னகை. தொழிலாளி அங்கே காட்சிக்குப் பின்புலமாக நிற்பவனேயன்றிக் கதைக்கு உரியவனல்லன்.

ஈழத்தமிழர் தம்மைத் தாமே கோட்டிற் கண்டு நகும் பேற்றை நல்கியவருள் தலையாயவர் 'சிரித்திரன்' ஆசிரியர் சி. சிவஞானசுந்தரம் (1924–1996). 'சுந்தர்' எனக் கையொப்பமிட்ட இவர் கரவெட்டியிற் பிறந்தவர், பம்பாயிற் பயின்றவர். செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம் என்பது அவ்விதழின் குறிக்கோள். 'சவாரித்தம்பர்' என்னும் பெயரிலேயே வடபுலத்து மாட்டுவண்டிச் சவாரியின் புழுதி எழுகின்றது. 'மெயில் வாகனத்தார்' என்பதில் முருகனடியார் பெயரும் புகைவண்டியும் ஒன்றாய் இணைகின்றன. தாமோதரன் என்னும் நற்பெயர் ஆங்கில நாவிற்பட்டு 'மிஸிஸ் டாமோடிர'னாகச் சிதைந்தவிடத்து, போலி நாகரிகத்தின் மயக்கம் முழுதும் விளங்கிவிடுகின்றது. தம்பரைக் கண்டு சிரிப்பவர் தம் பெரியப்பாவைக் கண்டே சிரிக்கின்றனர். ஆதலின் அச்சிரிப்பில் நஞ்சில்லை. எனினும் சுந்தரின் உலகம் பெரிதும் வடபுலத்தது. அவ்வுலகில் மலையகத்தார் விருந்தினராகவே சிரிக்க இயலும்.

மலையகத்தார்க்குத் தன்னகை இல்லையோவெனின், உண்டு. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் எள்ளும் பாடல்கள் கொழுந்து மலைகளில் வழங்கி வந்தன. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகத் தெரிவான ஸி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் பாடல்களைத் தொகுத்தார். 1970இல் 'போர்ன் ரு லேபர்' என்னும் ஆங்கில நூலில் தோட்டத்து மாந்தரைச் சொல்லோவியமாக்கினார். பாட்டும் உரையும் பெற்ற இவ்வளத்தைக் கோட்டோவியம் பெறவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனைப் பெறும்வரை முறையிட்டு நின்ற சமுதாயத்திடம் உலகம் வேண்டியது துயரின் படமே. மற்றொன்று வணிகர் வேண்டிய படம்: விளம்பரத்தாளிற் கூடை சுமந்து முறுவலிக்கும் பெண். அவள் எதனைக் கண்டு முறுவலிக்கிறாள் என்பதை அப்படம் கூறுவதில்லை.

ஆதலின் ஹற்றனிலோ நுவரெலியாவிலோ நகைச்சித்திரக் கண்காட்சியொன்று அமைப்பார், வான் டோர்ட்டின் சித்திரங்களை ஒரு சுவரிலும் சுந்தரின் சித்திரங்களை எதிர்ச்சுவரிலும் மாட்டுதல் நலம். பிறர் நகையும் தன்னகையும் வேறாதல் பள்ளி மாணவர்க்கும் அங்கே எளிதிற் புலனாகும். மூன்றாஞ்சுவர் மலையக இளைஞர்க்கு உரியது. கொழுந்து நிறுக்குமிடத்தில் தராசின் முள் ஓர் எண்ணையும் கணக்கப்பிள்ளையின் ஏடு வேறோர் எண்ணையும் காட்டுதல், மழைக்காலத்து லயத்தில் அடுப்பிலிருக்கும் பாத்திரத்தினும் ஒழுக்குக்கு வைத்த பாத்திரம் மிகுதியாதல் ஆகியன அவர்தம் கோலுக்குக் காத்திருக்கும் பொருள்கள். தன் குறையையும் தன்னை வருத்துவோன் குறையையும் ஒருங்கே கண்டு நகவல்ல சமுதாயம் பிறர் இரக்கத்தை எதிர்நோக்கி நிற்பதில்லை. அந்நகையைக் கோட்டிற் பொறித்துத் தருதல் கற்ற மலையக இளைஞரின் கடனாகும்.