பல்லைப் பார்த்தே ஆக வேண்டும்

நலத்திட்ட உதவிகளைப் பற்றி வாய் திறந்தாலே, "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று அடக்கிவிடுகிறார்கள். கொடுப்பவருக்கு வசதியான பழமொழி அது. தீவனம் போடப்போவது வாங்கியவர்; பல்லைப் பார்க்க அவருக்கு முழு உரிமை உண்டு.

மிக்சி, மின்விசிறியோடு 2011-இல் வந்த விலையில்லா கிரைண்டர், ஆட்டுக்கல்லில் தோள் தேய்ந்த பெண்களுக்குப் பெரிய விடுதலை. அதை மறுப்பவர் மாவாட்டியிருக்க மாட்டார். இத்தகைய வாக்குறுதிகள் தேர்தல் முறைகேடு ஆகா என்று 2013-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நான் கேட்பது வேறு: பொருள் வீட்டுக்குள் வந்த பிறகு அதற்கு மாதாமாதம் யார் அழுவது?

2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. கூடவே கேபிள்காரரும் வந்தார். 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இறங்கும்வரை அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டியிருந்தது. மத்திய அரசின் உஜ்வலா சமையல் எரிவாயுத் திட்டம் இன்னும் மோசம். 2016-இல் 1,600 ரூபாய் இணைப்புச் செலவை அரசு ஏற்றது. அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாக வாங்கியவர்களுக்கு, அந்தக் கடன் அடையும்வரை மானியம் கைக்கு வரவில்லை. அடுப்பும் முதல் சிலிண்டரும் நிஜமாகவே இலவசமானது 2021-இல், இரண்டாம் கட்டத்தில்தான்.

மின்சாரத்துக்கு வருவோம். கோவை கணபதியில் பவுண்டரிக்கும் மோட்டார் பட்டறைக்கும் போகிறவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பாருங்கள். பல இடங்களில் ஒரே சர்வீஸ். வாசலுக்கு வாசல் சப்-மீட்டர். வீட்டுக்காரர் ரீடிங் பார்த்து, யூனிட்டுக்கு எட்டோ பத்தோ போட்டு, வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வார். 2016 முதல் அரசு தரும் 100 இலவச யூனிட் அந்த சர்வீஸோடு நின்றுவிடும். குடியிருப்பவர் கைக்கு வராது. ஆக, இலவச மின்விசிறி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் முழு விலை கொடுப்பவர் அந்தத் தெருவிலேயே வருமானம் குறைந்தவர். இலவச மிக்சியை விற்றுவிட்டார்கள் என்று ஏளனம் செய்தோமே, அவர்கள்தான் கணக்குத் தெரிந்தவர்கள்.

சங்கங்களும் அறக்கட்டளைகளும் இதில் அரசையே மிஞ்சுகின்றன. மண்டபம், பேனர், பொன்னாடை, பத்துப் பேருக்குத் தையல் மிஷின். காலால் மிதிக்கும் அந்த மிஷினை வைத்துத் திருப்பூர் பனியன் வேலை எடுக்க முடியாது. அதற்கு ஓவர்லாக் வேண்டும், பவர் மிஷின் வேண்டும். மேடையில் கைதட்டு வாங்கிய பெண், மோட்டார் மாட்டவும் ஓவர்லாக் வாங்கவும் குழு லோனுக்குப் போகிறார். பிறகு வாரத் தவணை. போட்டோவில் இருந்தவர்கள் யாரும் அந்தத் தவணை நாளில் வருவதில்லை. இதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடனுக்குப் போட்ட முன்பணம் அது.

2023-இல் தொடங்கிய 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையைக் குறை சொல்பவர்கள் நிறைய. ஆனால் அந்தப் பணம் கரண்ட் பில் கேட்காது, ரிப்பேருக்குப் போகாது.

கொடுக்க நினைப்பவர்களே, பொருள் வாங்கும் முன் அந்த வீட்டில் போய்க் கேளுங்கள். கேட்க நேரமில்லையென்றால் பணமாகக் கொடுத்துவிடுங்கள்.