சாலைத் தெருவின் அச்சுச் சட்டமும் கணிப்பொறிச் சில்லும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சிறிய கடை ஒன்றின் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பது எனக்கு நெடுநாளைய வழக்கம். மரச்சட்டத்தில் இறுக இழுத்துக் கட்டிய நைலான் வலை. அதன் கண்களில் பசை அடைத்த இடம் மையை மறிக்க, அடையாத இடம் மட்டும் வழிவிடும். தொழிலாளி ரப்பர் பட்டையை ஒரே அழுத்தத்தில் தம் பக்கமாக இழுத்துச் சட்டத்தைத் தூக்கினால், அடியில் கிடந்த அட்டையில் பிள்ளையாரும் இரண்டு குத்துவிளக்குகளும் பொன்னிறத்தில் எழுந்திருப்பார்கள். இதே சட்டத்தில் மைக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் குழம்பை ஊற்றி, அட்டைக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டால், கோடிக்கணக்கான ரூபாய் கொட்டிக் கட்டும் தொழிற்சாலை இல்லாமல், வீட்டு முன்னறையிலேயே கணிப்பொறிச் சில்லு செய்துவிடலாமே என்று பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் வாதிப்பதுண்டு. சிரித்துத் தள்ளிவிடக்கூடிய வாதமன்று அது. அப்படியே அங்கீகரித்துவிடக் கூடியதுமன்று.

அதன் பலத்தை முதலில் சொல்வதே நியாயம். பிளாஸ்டிக் என்றால் மின்சாரத்தை மறிப்பது என்றிருந்த நம்பிக்கையை ஷிரகாவா, மக்டயார்மிட், ஹீகர் என்ற மூவரும் 1977-இல் தகர்த்தார்கள். 2000-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அதற்காகவே அவர்களுக்குக் கிடைத்தது. சிலிக்கன் சில்லு செய்ய ஏறத்தாழ 1000 டிகிரி உஷ்ணமுள்ள உலையும், எலும்புவரை ஊடுருவி அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் தாளோ 150 டிகிரியைக்கூடச் சரியாகத் தாங்காது. ஆகவே அதன்மேல் செய்வதெல்லாம் குறைந்த சூட்டில், கரைசலாக, மையைப் போல இடுவதாக அமைந்தே தீரவேண்டியிருக்கிறது. தாளின் இந்தப் பலவீனமே வீட்டில் முயல்பவனுக்கு அனுகூலமாகிவிடுகிறது. இது வெறும் ஊகமுமன்று. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2019-இல், நம் பத்திரிகைக் கடையின் முறைக்கு மூத்த சகோதரன் என்று சொல்லத்தக்க சட்ட அச்சு முறையிலேயே, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட கரிம டிரான்சிஸ்டர்கள் கொண்ட சுற்றுகளைப் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, அவை வேலை செய்வதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள்.

பிளாஸ்டிக்கில் முழுக் கணிப்பொறியே செய்திருக்கிறார்கள் என்பதும் மெய்தான். பெல்ஜியத்தின் ஐமெக் ஆராய்ச்சி நிலையம் 2011-இல் ஏறத்தாழ 4000 கரிம டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 8 பிட் செயலி ஒன்றைச் செய்தது; இங்கிலாந்தின் ஆர்ம் நிறுவனமும் பிராக்மேட்டிக் நிறுவனமும் சேர்ந்து 2021-இல், டிரான்சிஸ்டரும் மின்தடையுமாக 56,340 உறுப்புகளை 59.2 சதுர மில்லிமீட்டரில் அடக்கி, விநாடிக்கு 29,000 துடிப்பில் இயங்கும் 32 பிட் செயலியை வெளியிட்டன. ஆனால் இவ்விரண்டும் வெற்றிடக் கலங்களும் தூசு நீக்கிய அறைகளும் உள்ள கூடங்களில் பிறந்தவை. வீட்டில் செய்தவர் யார் என்று கேட்டால், அமெரிக்காவின் நியூஜெர்சியில் பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையில், பள்ளி மாணவராக இருந்தபோதே 2018-இல் ஆறு டிரான்சிஸ்டர் சில்லும், பிறகு 2021-இல் நூறு டிரான்சிஸ்டர் சில்லும் செய்த சாம் ஸெலூஃபைச் சொல்லவேண்டும்; அவர் செய்ததோ சிலிக்கனில். ஒருவரது வெற்றியிலிருந்து வீட்டையும் மற்றவரது வெற்றியிலிருந்து பிளாஸ்டிக்கையும் எடுத்து ஒட்டிவைத்துக்கொண்டுதான் நம் உற்சாகிகள் பேசுகிறார்கள்.

ஒட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு மாலை நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆங்கிலேயச் செயலியின் மிக நுண்ணிய கோடு 0.8 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்து இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. கைச்சட்டத்தில் ஒழுங்காக விழக்கூடிய கோடு, நல்ல கைக்காரர் அடித்தாலும், நூறு மைக்ரான்தான். நூற்றிருபத்தைந்து மடங்கு பெரிது. நீளத்திலும் அகலத்திலும் அம்மடங்கு பெருகும்போது, விரல்நகமளவு இருந்த செயலி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் விரிந்து பாதிப் பாய்க்கு மேல் அடைத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டரின் வேகம், அதில் மின்சாரம் கடக்கும் கால்வாயின் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவது ஆகையால், பொருளும் மின்னழுத்தமும் மாறவில்லை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 29,000 துடிப்பு விநாடிக்கு இரண்டாகக் குறைந்து, மனிதன் நாடியோடு போட்டியிடும் நிலைக்கு வந்துவிடும். இவ்வளவையும் நான் பெருங்குறையாக எண்ணவில்லை. பாயளவு கணிப்பொறி மெள்ளக் கூட்டிக் கழித்தாலும் அது கணிப்பொறிதானே!

உண்மையான இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது. இன்டெல் நிறுவனம் 1971-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 4004 என்ற முதற் செயலியில் ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. வீட்டில் ஒருவர் அச்சிடும் டிரான்சிஸ்டர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பழுதின்றித் தேறுகின்றன என்று வைத்துக்கொள்வோம்; அப்படித் தேறினால் அவரை மாலையிட்டுக் கௌரவிக்கலாம். பத்து டிரான்சிஸ்டர் சுற்று என்றால் பத்துக்கு ஒன்பது முறை அவருக்கு வெற்றி. நூறு என்றால் மூன்றுக்கு ஒரு முறை. இரண்டாயிரத்து முந்நூறும் ஒருசேரத் தேறவேண்டும் என்று வரும்போதோ, ஏறத்தாழ ஆயிரம் கோடித் தாள்கள் அடித்தால் ஒன்று பழுதின்றிக் கிடைக்கும்! ஸெலூஃப் அடித்த பதினைந்து நூறு-டிரான்சிஸ்டர் சில்லுகளில் முழுமையாக வேலை செய்கிறதென்று அவர் நிச்சயப்படுத்திச் சொன்னது ஒன்றைத்தான் என்பதை நினைத்தால், நான் கணக்கை இறுக்கிப் போடவில்லை என்பது விளங்கும். இன்ன யந்திரம் இல்லை, இன்ன ரசாயனம் கிடைக்கவில்லை என்பதெல்லாம் பிரயாசைப்பட்டால் தீரும். ஆயிரம் முறை ஒரே மாதிரி செய்வதென்பது வீட்டுக்கு வராத குணம். தொழிற்சாலைக்குக் கொடுக்கும் கோடிகளில் பெரும்பகுதி அந்தக் குணத்துக்கான விலைதான்.

நம் ஊருக்கென்று ஒரு விசேஷ இடைஞ்சலும் உண்டு. கரிம அரைக்கடத்திகள் பலவற்றுக்கு ஈரமும் பிராணவாயுவும் ஜன்ம சத்துரு. ஆராய்ச்சிச்சாலைகளில் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டே அவற்றைக் கையாளுகிறார்கள். பத்திரிகைக் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "இடவப்பாதி மழை பிடிச்சா மையே காயாது சாரே, அட்டையும் சுருளும், அந்த மாசத்துல அவசரப் பத்திரிகை நான் ஒப்புக்கிடுறதே இல்ல" என்றார். அவ்வளவு பெரிய விஷயத்தை அவ்வளவு சுருக்கமாக எந்த விஞ்ஞான நூலிலும் நான் படித்ததில்லை.

இவ்வளவு சொன்னபிறகும் இம்முயற்சியை நான் ஆதரிப்பதற்குக் காரணம் இந்த நகரத்தின் நிலைமையே. தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ராக்கெட்டுகளுக்காக உருவாக்கிய விக்ரம் 3201 என்ற 32 பிட் செயலி, 2025 செப்டம்பரில் டில்லியில் பிரதமரிடம் அளிக்கப்பட்டது. வேகா என்ற செயலி வரிசையை வகுத்ததும் இவ்வூரிலுள்ள சி-டாக் நிலையமே. ஆனால் விக்ரம் 180 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்ட இடம் பஞ்சாபின் மொகாலி. சில்லை வரையத் தெரிந்தவர் நிறைந்த நகரத்தில், சில்லைச் செய்து பார்த்தவர் அபூர்வம். நம் கல்லூரிகளில் மாணவன் கணிப்பொறித் திரையில் பத்தாயிரம் டிரான்சிஸ்டர்களை அநாயாசமாக அடுக்குகிறான். ஒன்றையாவது தன் கையால் செய்து, அது ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் அல்லன். பாப்பனங்கோட்டில் 1975 முதல் இயங்கும், இன்று நீஸ்ட் என வழங்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில், ஒளியை மின்சாரமாக்கும் கரிமப் பொருள்கள் பற்றிய ஞானம் இருக்கிறது. சாலைத் தெருவில் சட்டம் இழுக்கும் கைத்திறன் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பேருந்துக் கட்டணம் அதிகமில்லை.

ஆகவே, கணிப்பொறி செய்யப்போகிறேன் என்று புறப்படுபவரை நான் தடுப்பேன். பத்து டிரான்சிஸ்டர் வைத்து ஒரு சிறு விளக்கை அணைத்து ஏற்றும் சுற்றைச் செய்யப்போகிறேன் என்பவருக்குக் கடையின் விலாசம் கொடுப்பேன். கரைப்பான்களின் ஆவியைச் சுவாசிக்காதபடி ஜன்னலைத் திறந்துவைத்து, தண்ணீரில் கரையும் குழம்பிலேயே முதலில் பழகுங்கள். மழையெல்லாம் ஓய்ந்து, தை பிறந்த பிறகு ஆரம்பியுங்கள்.